சிந்துக்கரை மனிதன் செய்த குற்றம் என்ன?

எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர், இத்தாலி நாட்டுப் பாவலன் ஒருவன் இந்தியாவைப் பற்றி ஒரு கேள்வி எழுப்பினான். இந்தியா என்றதும் அந்நாளைய ஐரோப்பியர் எண்ணியது மிளகையும் முத்தையும் மணியையும். இவன் எண்ணியதோ ஒரு மனிதனை! சிந்து ஆற்றின் கரையிலே பிறந்த, பெயர்கூடச் சொல்லப்படாத, ஒரு மனிதனை.

அந்த மனிதன் நல்லவன். அவன் வாழ்விலே பழியில்லை, வாக்கிலே பழுதில்லை. ஆனால், அவன் பிறந்த மண்ணிலே கிறிஸ்துவைப் பற்றி எடுத்துரைக்க ஆளுமில்லை, படித்தறிய ஏடுமில்லை. கேளாத பெயரை எவ்வாறு நம்புவான்? காணாத கோயிலிலே எவ்வாறு முழுக்குப் பெறுவான்? வாழ்ந்தான், மறைந்தான். அவனை மீட்புக்கு வெளியே நிறுத்துகின்ற நீதி எத்தகைய நீதி? நம்பாமற்போனதே குற்றம் என்றால், அந்தக் குற்றத்தை அவன் எந்த நாளில், எந்த நாழிகையில் செய்தான்?

இந்தக் கேள்வியை எழுப்பியவன் நாத்திகன் அல்லன். மதத்தை எள்ளி நகையாடியவனும் அல்லன். கிறிஸ்தவ உலகம் தன் தலைசிறந்த பாவலன் என்று கொண்டாடுகின்ற தாந்தே! 'டிவைன் காமெடி' என்ற பெயரால் உலகமறிந்த அவனுடைய காவியத்தின் மூன்றாம் பகுதியில், விண்ணுலகத்தைப் பாடும் பகுதியில், பத்தொன்பதாம் படலத்திலே இருக்கிறது இக்கேள்வி.

பகுத்தறிவு பேசுகின்ற இளைஞர்களிற் சிலர், மதக் காவியந்தானே, இதனிடத்தில் நமக்கென்ன வேலை என்று இத்தகைய நூல்களை ஒதுக்கிவிடுகின்றனர். ஒதுக்க வேண்டியதில்லை, தோழர்களே! ஒரு கொள்கையின் வலிவையும் மெலிவையும் அறிய விரும்பினால், அதனை எதிர்த்தவன் எழுதியதைப் படிப்பது ஒரு வழி. அதனை உயிரென நம்பிய பெரும்பாவலன் எழுதியதைப் படிப்பது அதனினும் சிறந்த வழி. எதிர்ப்பவன் காட்டும் ஓட்டையைப் பகைமை என்று சொல்லித் தள்ளிவிடலாம். நம்பியவனே காட்டுகின்ற ஓட்டையை என்ன சொல்லித் தள்ளுவது?

மூன்று தாழ்கள்

மீட்புக்கு வழியாகக் கிறிஸ்தவ சமயம் மூன்றைச் சொல்கிறது. செய்த பாவத்தை எண்ணி வருந்தி மனந்திரும்புதல் ஒன்று. கிறிஸ்துவின்மீது நம்பிக்கை வைத்தல் மற்றொன்று. திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், மூன்றாவது. மூன்றும் விவிலியத்திலேயே உள்ளவை. ஆனால், ஓரிடத்தில் உள்ளதுபோல மற்றோரிடத்தில் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளின் இரண்டாம் அதிகாரத்திலே, வழிகேட்டு நின்ற மக்களுக்குப் பேதுரு, மனந்திரும்பவும் முழுக்குப் பெறவும் அறிவுறுத்துகிறார். ரோமாபுரியாருக்கு எழுதிய மடலின் பத்தாம் அதிகாரத்திலே பவுல் வாயின் அறிக்கையையும் உள்ளத்தின் நம்பிக்கையையும் பேசுகிறார்; நீரைப் பற்றி அவ்விடத்திலே பேச்சில்லை. லூக்காவின் நற்செய்தியிலோ, ஏசுவுக்குப் பக்கத்திலே சிலுவையில் தொங்கிய குற்றவாளி ஒருவன், முழுக்கேதும் பெறாமலேயே, அன்றைக்கே பேரின்ப உலகு புகுவான் என்ற உறுதிமொழியைப் பெற்றுவிடுகிறான்.

எது முந்தியது, எது பிந்தியது, எது இன்றியமையாதது? வழக்கு அங்கே தொடங்கிற்று, இன்னும் முடியவில்லை. பிறந்த குழந்தைக்கே முழுக்குக் கொடுப்பர் கத்தோலிக்கர். நம்பிக்கை இன்னதென்று அறியாத குழந்தைக்கு முழுக்கு எதற்கு, அறிந்து வருந்தி நம்பிய பின்னரன்றோ அது தகும் என்று வாதாடினர் சீர்திருத்தக் காலத்தில் எழுந்த மறுமுழுக்கினர். 1525ஆம் ஆண்டு சூரிச் நகரிலே தம் கொள்கைப்படியே முழுக்கும் பெற்றனர். அவர்களுள் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ் என்பாரை, 1527ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், அந்நகரத்து லிம்மாத் ஆற்றிலே அமிழ்த்திக் கொன்றனர். கொன்றவர் போப்பின் ஆட்கள் அல்லர். போப்பை எதிர்த்து எழுந்த சீர்திருத்தக்காரர்! நீரைப் பற்றிய வழக்குக்கு நீரிலேயே தீர்ப்பு!

தாந்தே இந்த வழக்குக்கெல்லாம் முந்தியவன். 1265இல் பிளாரன்ஸ் நகரிலே பிறந்தான். 1302இல் அரசியற் பகையால் நாடு கடத்தப்பட்டான். சொந்த ஊரை மீண்டும் காணாமலேயே 1321இல் ராவென்னா நகரிலே மறைந்தான். வெளியேற்றப்பட்ட வாழ்விலே எழுந்தது இக்காவியம். நரகம், உத்தரிக்கும் தலமாகிய மலை, விண்ணுலகம் ஆகிய மூன்றையும் தான் நடந்து கண்டதாக நூறு படலங்களிலே பாடுகிறான். அவன் காலத்துத் திருச்சபையின் கோட்பாட்டை ஏற்றவன். ஆதலால் மீட்பின் வாயிலுக்கு மூன்று தாழ்களையும் பொருத்துகிறான். அவற்றுள் எது எளிதிலே திறக்கிறது, எது பாவலனின் கையையே நசுக்குகிறது என்று பார்ப்பதுதான் நாம் இங்கே மேற்கொள்ளும் ஆராய்ச்சி.

தந்தையும் மகனும்

மனந்திரும்புதலைப் பாடும்போது தாந்தேயின் புலமை தலைநிமிர்ந்து நிற்கிறது. தந்தை ஒருவனையும் மகன் ஒருவனையும் எதிரெதிரே நிறுத்தி, கருத்தை விளங்க வைத்துவிடுகிறான்.

தந்தை, கீதோ மொந்தெபெல்த்ரோ. போர்த்தொழிலிலும் சூழ்ச்சியிலும் பெயர் பெற்ற தலைவன். முதுமையிலே வாளை வீசிவிட்டு, 1296இல் பிரான்சிஸ்கன் துறவியானான். எட்டாம் போனிபேஸ் என்னும் போப், தன் பகைவரின் கோட்டையை வீழ்த்த வழி கேட்டு அத்துறவியிடம் வருகிறார். பாவமாயிற்றே என்று அவன் தயங்குகிறான். தயங்காதே, இப்போதே மன்னித்துவிட்டேன் என்று முன்கூட்டியே மன்னிப்பு வழங்குகிறார் போப். கீதோவும், வாக்குறுதியை வாரி வழங்கு, நிறைவேற்றும் எண்ணமே வேண்டாம் என்று வஞ்சக வழியைச் சொல்லிக் கொடுக்கிறான். 1298இல் இறக்கிறான். புனித பிரான்சிசே அவனை அழைத்துப்போக வருகிறார். நரகத்துத் தூதன் குறுக்கே வந்து மறிக்கிறான்! மனம் வருந்தாதவனுக்கு மன்னிப்பு ஏது? ஒரு செயலைச் செய்ய விரும்பிக்கொண்டே அதற்காக வருந்தவும் முடியுமோ? இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்லவோ? இவ்வாறு அளவை நூல் கற்றவன்போல வாதாடி, கீதோவை இழுத்துச் செல்கிறான். போப்பின் முத்திரை செல்லவில்லை. பேயின் தருக்கம் வென்றது!

மகன், புவோன்கொந்தே. 1289இல் கம்பல்தினோ போர்க்களத்திலே மாண்டவன். அவனுக்கு எதிர்ப்படையிலே இளைஞன் தாந்தே நின்று போரிட்டான் என்பர். கழுத்திலே காயம், குருதி தரையெங்கும், குருவுமில்லை, சடங்குமில்லை. கடைசி மூச்சிலே கன்னி மரியின் பெயர். கண்ணிலே ஒரு சொட்டு நீர். அதுவே போதுமானதாயிற்று. ஒரு துளிக் கண்ணீருக்காக உயிரைப் பறிகொடுத்தோமே என்று ஆத்திரங்கொண்ட பேய், மழையையும் வெள்ளத்தையும் ஏவி உடலை ஆற்றிலே உருட்டித் தன் வஞ்சத்தைத் தீர்த்துக்கொள்கிறது. உயிரோ, உத்தரிக்கும் மலையிலே!

துறவாடையும் போப்பின் மன்னிப்பும் பெற்ற தந்தை நரகத்தில். ஒன்றுமே பெறாத மகன் மீட்பின் வழியில். மற்றொருவனும் உண்டு: அரசன் மன்பிரெத். திருச்சபை விலக்குப் பெற்று 1266இல் பெனவென்தோ போரில் இறந்தவன். கல்லறையிலிருந்து அவன் எலும்பைத் தோண்டி எறியச் செய்தனர் சமயத் தலைவர்கள். தாந்தேயோ அவனையும் காப்பாற்றிவிடுகிறான். மனம் திருந்துவதை எந்தப் பீடமும் விலைக்கு விற்க முடியாது. எந்தப் பீடமும் தடுத்து நிறுத்தவும் முடியாது. இதைவிடத் துணிவான கருத்தை அந்நாளிலே ஒரு கத்தோலிக்கப் பாவலன் சொல்லியிருக்க முடியுமா? நாமும் கைகூப்பலாம்.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. மன்பிரெத் தன் பாவங்கள் கொடியவை என்று தானே ஒப்புக்கொள்கிறான். அக்கொடுமைக்கு ஆளானவர் எவர்? அவர்கள் வாழ்ந்த வீடு என்னவாயிற்று? காவியத்திலே அவர்களுக்குக் குரலில்லை. ஒரு துளிக் கண்ணீர் கடவுளின் கணக்கைத் தீர்க்கலாம். கண்ணீர் சிந்த வைக்கப்பட்டவரின் கணக்கை யார் தீர்ப்பது? குற்றவாளிக்கும் கடவுளுக்கும் இடையே மட்டும் நடக்கின்ற வழக்கிலே, குற்றத்துக்கு ஆளானவன் சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை.

பிறர்க்கு ஒளி, தனக்கு இருள்

அடுத்தது திருமுழுக்கு. இங்கேதான் தாந்தேயின் கை நடுங்கத் தொடங்குகிறது.

நரகத்தின் முதல் வட்டத்துக்கு லிம்போ என்று பெயர். அங்கே தீயில்லை, சாட்டையில்லை; பெருமூச்சு மட்டும் உண்டு. அங்கே இருப்பவர் பாவிகள் அல்லர் என்று தாந்தேயே சொல்லிவிடுகிறான். பின், ஏன் அங்கே இருக்கின்றனர்? முழுக்குப் பெறவில்லை, அவ்வளவுதான்! ஹோமர் அங்கே. சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் அங்கே. கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்தவர் மட்டுமா? இஸ்லாமிய அறிஞர்களான இபின் சீனாவும் இபின் ருஷ்தும் அங்கே. சிலுவைப் போரிலே கிறிஸ்தவப் படையை முறியடித்த சலாகுதீனும் அங்கே, தனியே ஒரு மூலையில். பகைவனைக்கூட இகழாமல் பெருமையோடு நிறுத்திய பாவலனின் நெஞ்சத்தைப் பாராட்டத்தான் வேண்டும். அந்நாளைய இறைநூலார், முழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கே லிம்போவை ஒதுக்கியிருந்தனர். சான்றோர்க்கு அங்கே ஒளிவீசும் கோட்டை எழுப்பிக் கொடுத்தது தாந்தேயின் சொந்தக் கொடை. கோட்பாட்டை மீறாமல் எவ்வளவு இரங்க முடியுமோ அவ்வளவு இரங்கினான். ஆனால், கோட்டையே கட்டிக் கொடுத்தாலும் சிறை சிறைதானே!

அச்சிறையின் உறுப்பினன் ஒருவனே தாந்தேக்கு வழிகாட்டியாக வருகிறான். அவன் வர்ஜில், கி.மு. 19இல் மறைந்த ரோமப் பெரும்பாவலன். இருட்காட்டிலே திகைத்து நின்ற தாந்தேயைக் கைப்பிடித்து, நரகத்தின் அடித்தளம் வரை இறக்கி, உத்தரிக்கும் மலையின் உச்சிவரை ஏற்றிவிட்டவன் அவன். வழியிலே ஸ்தேசியஸ் என்னும் வேறொரு ரோமப் புலவன் எதிர்ப்படுகிறான். வர்ஜிலின் பாடலைப் படித்தே கிறிஸ்தவனானேன் என்கிறான் அவன். (அவன் கிறிஸ்தவனானது தாந்தேயின் கற்பனை, வரலாறு அன்று.) இரவிலே விளக்கைத் தன் முதுகுப்புறம் ஏந்தி நடப்பவனுக்கு வர்ஜிலை ஒப்பிட்டுப் பேசுகிறான். பின்னே வருவோர்க்கு வெளிச்சம். ஏந்தி நடப்பவனுக்கு இருள்!

உவமை அழகானது, நெஞ்சைத் தொடுவது. ஆனால் அழகிலே மயங்கி வழக்கை மறந்துவிடலாகாது. இவன் ஏந்திய விளக்கிலே மற்றவர் வீடு பேறு அடையலாம். இவன் மட்டும் அடையலாகாது என்று விதித்தது யார்? மலையுச்சியிலே தாந்தே திரும்பிப் பார்க்கிறான், வர்ஜிலைக் காணோம். ஓசையின்றி லிம்போவுக்குத் திரும்பிவிட்டான். தாந்தே கதறி அழுகிறான். அந்தக் கண்ணீர் கோட்பாட்டின் கண்ணீரா? அல்ல, அல்ல! கோட்பாட்டினால் காயப்பட்ட மனிதனின் கண்ணீர்.

தாய்மார்க்கு வந்த துயர்

லிம்போவிலே புலவரும் போர்வீரரும் மட்டும் இல்லை, குழந்தைகளும் இருக்கின்றனர். கற்பனைதானே என்று கடந்து போய்விட இயலாத இடம் இது.

அறிவும் பருவமும் அடையாத குழந்தைக்குப் பாவம் ஏது? ஆதாமின் பாவம் பிறப்பாலேயே ஒட்டிக்கொள்கிறது என்பது மறுமொழி. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அகஸ்டீன், முழுக்குப் பெறாமல் இறந்த குழந்தையும் தண்டனைக்கு உரியதே என்றார்; தண்டனைகளிலெல்லாம் மிக மென்மையானது அதற்கு என்று சேர்த்துக்கொண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே தாமஸ் அக்வினாஸ், அக்குழந்தைக்குத் துன்பவுணர்வே இல்லை என்று தளர்த்தினார். தளர்த்தினாரேயன்றிக் கதவைத் திறக்கவில்லை.

ஏட்டிலே எழுதியதற்கு விலை கொடுத்தவர் தாய்மார். அயர்லாந்து நாட்டிலே, முழுக்குக்கு முன் இறந்த குழந்தையைத் திருச்சபையின் கல்லறைத் தோட்டத்திலே புதைக்கவிடாமல், வேலியோரத்திலும் பாழ்நிலத்திலும் புதைத்தனர். கில்லீனி என்று அவ்விடங்களுக்குப் பெயர். இருபதாம் நூற்றாண்டிலும் அவ்வழக்கம் இருந்தது. சுவிட்சர்லாந்திலே ஓபர்பியூரன் என்ற இடத்துக்குப் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலே இறந்து பிறந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர் பெற்றோர். குளிர்ந்த உடலைக் கரிநெருப்பின் அருகே வைத்துச் சூடேற்றுவர். உதட்டின்மேல் ஓர் இறகை வைப்பர். இறகு சற்றே அசைந்தால், உயிர் வந்துவிட்டது என்று சொல்லி அக்கணமே முழுக்குக் கொடுத்துப் புதைப்பர். அண்மைக் காலத்தில் அகழ்ந்தபோது சுமார் 250 பச்சிளங் குழந்தைகளின் எலும்புகள் அங்கே கிடைத்தன.

அந்தத் தாயை எண்ணிப் பாருங்கள்! குழந்தை பிழைக்க வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை. ஒரே ஒரு மூச்சு, ஓர் இறகை அசைக்கும் அளவுக்கு ஒரு மூச்சு, அதைத்தான் கேட்டாள். அவளை மூடநம்பிக்கைக்காரி என்று நகைப்பவன் அறிவாளி அல்லன். நகைப்புக்கு உரியவள் அவளல்லள். ஈன்றவளை அப்படி இறகைப் பார்த்துக் கிடக்க வைத்த கோட்பாடுதான் விடையிறுக்க வேண்டும்.

கழுகின் மறுமொழி

மூன்றாவது தாழ் நம்பிக்கை. சிந்துக்கரை மனிதனிடத்துக்கு இப்போது வருவோம்.

விண்ணுலகிலே, நீதி வழுவாத அரசர்களின் உயிர்கள் ஒன்றுகூடி மாபெருங் கழுகின் உருவாக நின்று பேசுகின்றன. தாந்தேயின் உள்ளத்திலே நெடுநாள் பசியாக இருந்த கேள்வியை அக்கழுகே எடுத்துரைக்கிறது. அதுதான் நாம் தொடக்கத்திலே கண்ட கேள்வி. கேள்வி மனிதனின் கேள்வி. மறுமொழியோ? ஒரு சாண் தொலைவுகூடக் காணமுடியாத கண்ணை வைத்துக்கொண்டு, ஆயிரங்காத தொலைவிலுள்ளதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நாற்காலியிலே அமர நீ யார் என்கிற அதட்டல்! கடவுள் விரும்புவதே நீதி என்கிற முடிவு.

இது விடையா? 'உன் கேள்வி தவறு' என்று காட்டினால் அது விடை. 'உன் கேள்விக்கு இன்ன காரணம்' என்று விளக்கினால் அதுவும் விடை. 'கேட்க நீ யார்?' என்பது வாயடைப்பு. உலகில் அதிகாரம் உடையோர், காரணம் இல்லாதபோதெல்லாம் கையாண்ட கருவி இதுவே.

நடுநிலையோடு பேச வேண்டும். கிறிஸ்தவ இறைநூலார் தம் தரப்பிலே ஒரு வாதம் வைப்பர்: மீட்பு எவருக்கும் உரிமையன்று, கடவுளின் கொடை, கொடுக்காதவரை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்க முடியாது என்பர். வாதத்திலே ஒழுங்கு இருக்கிறது. ஆனால் கொடை என்று சொல்லிவிட்டு, கிடைக்காதவனைச் சிறையிலே அடைப்பது எப்படிப் பொருந்தும்? கொடுக்காமல் இருப்பது வேறு, கொடுக்காததற்காகத் தண்டிப்பது வேறு அன்றோ?

கழுகு அத்துடன் நிறுத்தவுமில்லை. கிறிஸ்துவை நம்பாத எவரும் இங்கே வந்ததில்லை என்று உறுதி சொல்கிறது. அடுத்த மூச்சிலேயே, கிறிஸ்துவின் பெயரை ஓயாமல் கூவுவோரிற் பலர், அப்பெயரையே அறியாதவனைவிடத் தொலைவிலே நிற்பர் என்று எச்சரித்து, அந்நாளைய கிறிஸ்தவ அரசர்களின் கொடுமைகளை வரிசையாக எண்ணுகிறது. நெஞ்சு ஒரு பக்கம், கோட்பாடு ஒரு பக்கம்!

இருபதாம் படலத்திலே வியப்பு இன்னும் மிகுகிறது. கழுகின் புருவத்திலே ஒளிவிடும் உயிர்களில் இருவர் கிறிஸ்தவச் சூழலிலே வாழாதவர். ஒருவன் டிராஜன், கி.பி. 117இல் மறைந்த ரோமப் பேரரசன். போப் கிரிகோரியின் வேண்டுதலால் மீண்டும் உயிர் பெற்று, நம்பிக்கை கொண்டு, மறுபடி இறந்தான் என்ற பழங்கதையைத் தாந்தே எடுத்தாளுகிறான். மற்றொருவன் ரைபியஸ், டிராய் நகரத்து வீரன். திருமுழுக்கு என்ற ஒன்று ஏற்படுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன்பே, கடவுளின் அருளால் வருங்கால மீட்பைக் கண்டு நம்பினான். நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு மூன்றுமே அவனுக்கு முழுக்காயின என்கிறான் தாந்தே.

யார் இந்த ரைபியஸ்? வரலாற்றிலே தேடினால் கிடைக்கமாட்டான். வர்ஜிலின் 'ஈனெயிட்' காவியத்து இரண்டாம் பகுதியிலே, டிராய் நகர் எரியும் இரவில் வீழ்ந்துபடும் சிறு பாத்திரம். நீதியிற் சிறந்தவன் என்று ஓரிரு வரியிலே சொல்லிவிட்டு வர்ஜில் நகர்ந்துவிடுகிறான். அந்தப் பாத்திரம் விண்ணுலகத்திலே! அதனைப் படைத்தவன் லிம்போவிலே! எழுதப்பட்டவன் மீட்கப்பட்டான், எழுதியவன் மீட்கப்படவில்லை!

கடவுளின் அருள் மனித அறிவுக்கு எட்டாதது என்பதைக் காட்டவே தாந்தே இவ்வாறு அமைத்தான் என்று உரை கூறுவார் உண்டு. இருக்கலாம். ஆனால், ரைபியசுக்கு முழுக்கில்லாமலே வழி உண்டு என்றால், முழுக்கு இன்றியமையாதது என்ற தாழ் கழன்றுவிட்டது. கழன்ற தாழை வர்ஜிலுக்கு மட்டும் ஏன் மீண்டும் பூட்ட வேண்டும்? சிந்துக்கரை மனிதனுக்கு ஏன் பூட்ட வேண்டும்? விதிவிலக்கைக் காட்டிய பாவலன், தன்னை அறியாமலே விதியை உடைத்துவிட்டான்.

ஜப்பானில் எழுந்த அழுகை

கற்பனை மனிதனின் கேள்வியை உண்மை மனிதர் கேட்ட நாளும் வந்தது. 1542 முதல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையிலே மீனவ மக்களிடையே உழைத்த பிரான்சிஸ் சேவியர், முழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று மடல் எழுதியவர். 1549இல் அவர் ஜப்பானுக்குச் சென்றார். அங்கே அவருடைய போதனையை ஏற்றவர்களே ஒரு கேள்வியால் அவரைத் திணற வைத்தனர். இந்தச் செய்தி எங்களை அடையும் முன்னரே இறந்துபோன எம் பெற்றோரும் முன்னோரும் என்ன ஆனார்கள்? மீட்க வழியே இல்லையா? எல்லாம் வல்ல கடவுள் ஏன் அவர்களை விடுவிக்கலாகாது?

நன்மை தீமைகளை இயற்கையறிவாலேயே எவரும் உணரலாம் என்று சேவியர் விளக்கிப் பார்த்தார். ஆனால் நரகம் புகுந்தவர்க்கு மீட்சி இல்லை என்பதே அவர் கற்ற பாடம், அதையே சொன்னார். அவர்கள் அழுதனர். அவ்வழுகை தன் நெஞ்சையும் வாட்டியதை அவரே 1552ஆம் ஆண்டு மடலிலே பதிவு செய்தார். புதிய வீட்டிலே நுழைய வேண்டுமானால் பெற்ற தாயை வெளியே விட்டுவிட்டு வா என்றால், எந்த மகனால் சிரித்துக்கொண்டு நுழைய முடியும்?

வாயில் விரிந்த வரலாறு

கதவு அப்படியே நின்றதா? இல்லை, அசைந்தது. 1442இல், தாந்தே பிறந்த அதே பிளாரன்ஸ் நகரிலே கூடிய பொதுச்சங்கம், திருச்சபைக்கு வெளியே நிற்கும் எவருக்கும், இறக்கும் முன் அதனுள் சேர்ந்தாலன்றி, மீட்பில்லை என்று ஆணையிட்டது. 1964 நவம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஆவணம், தம் குற்றத்தாலன்றி நற்செய்தியை அறியாமற்போய், மனச்சான்றின் வழி நடப்பவர்க்கும் மீட்பு கூடும் என்றது. 2007 ஏப்ரலில் வத்திக்கானின் அனைத்துலக இறையியற் குழு, லிம்போ என்ற கருத்து மீட்பை மிகக் குறுக்கிவிடுகிறது என்றும், முழுக்கின்றி இறந்த குழந்தைகளும் மீட்கப்படுவர் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றும் எழுதிற்று. உறுதியாக அறிந்ததாக அன்று, எதிர்நோக்காகச் சொன்னது. லிம்போவை முற்றிலும் மறுத்துவிடவும் இல்லை. கிறிஸ்தவப் பிரிவுகளிலே பல, இன்றும் வெளிப்படையான நம்பிக்கை இன்றி மீட்பில்லை என்றே போதிக்கின்றன. ஆயினும் கத்தோலிக்கத் திருச்சபை நகர்ந்தது உண்மை.

நகர்த்தியது எது? விவிலியத்திலே புதிய அதிகாரம் ஒன்றும் சேர்க்கப்படவில்லை. பேதுருவின் சொல்லும் பவுலின் சொல்லும் 1442இல் இருந்தவாறே 1964இலும் இருந்தன. மாறியது படித்தவரின் மனம். கோட்பாடு மெல்ல மெல்ல மலர்கிறது என்பர் திருச்சபையார். மலரட்டும், மகிழ்ச்சியே. ஆனால் நீரூற்றியது யார்? சிந்துக்கரையைப் பற்றிக் கேட்ட பாவலன்; முன்னோருக்காக அழுத ஜப்பானியர்; வேலியோரத்திலே குழந்தையைப் புதைத்த பெற்றோர். கேட்க நீ யார் என்று அதட்டப்பட்ட மனிதர் தந்த நீரே அது. அந்த அதட்டலுக்கு அஞ்சி எல்லோரும் வாய்மூடியிருந்தால், கில்லீனியின் வேலி இன்றும் நின்றிருக்கும்.

நமக்கு விண்ணுலகத்திலே இடம் கேட்கும் எண்ணம் இல்லை. சிந்துக்கரை மனிதனுக்காக அங்கே பரிந்துரை செய்யவும் நாம் எழுதவில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அளவுகோலை. என்ன செய்தாய் என்று கேட்பது நீதி. எங்கே பிறந்தாய், எப்போது பிறந்தாய், யார் மடியிலே பிறந்தாய் என்று கேட்டுக் கதவைச் சாத்துவது நீதி ஆகாது; சாத்துவது மண்ணுலக அதிகாரமாயினும், விண்ணுலக அதிகாரமாயினும்! இதனை நம் நாட்டார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தாந்தே பெரும்பாவலனா என்றால், ஐயமின்றிப் பெரும்பாவலனே. கோட்பாட்டை அழகாகப் பாடியதால் மட்டும் அன்று. அதைப் பாடும்போது தன் நெஞ்சிலே எழுந்த கேள்வியை மறைக்காமல் ஏட்டிலே ஏற்றியதால். சிறு புலவனாக இருந்திருந்தால் சிந்துக்கரைக் கேள்வியையே எழுதியிருக்கமாட்டான்; மறுமொழியை மட்டும் எழுதியிருப்பான்.

காவியத்திலே மற்றோரிடம் உண்டு. நரகப் பகுதியின் பத்தொன்பதாம் படலத்திலே, பேச்சோடு பேச்சாக வருவது. பிளாரன்சிலே புனித யோவான் முழுக்காலயம், தாந்தே முழுக்குப் பெற்ற இடம். அவன் உயிரினும் மேலாக நேசித்த இடம். அங்கே முழுக்குச் சடங்குக்காக அமைத்திருந்த கல்தொட்டி ஒன்றிலே யாரோ சிக்கி மூழ்கிக்கொண்டிருந்தபோது, தாந்தே அத்தொட்டியை உடைத்து அவரைக் காப்பாற்றினான். புனிதப் பொருளை உடைத்தான் என்ற பழி வந்திருக்க வேண்டும். உண்மை இதுவே என்று காவியத்திலேயே சான்று எழுதி வைக்கிறான்.

மீட்புக்கென்று வைத்த தொட்டியிலே ஓர் உயிர் மாள்கிறது. தொட்டியா, உயிரா? அக்கணத்திலே அவன் இறைநூலாரைக் கலந்து பேசிக்கொண்டு நிற்கவில்லை, கல்லை உடைத்தான். அந்தக் கைதான் பின்னொரு நாள் சிந்துக்கரை மனிதனுக்காக எழுதுகோலை எடுத்தது. கழுகு அதட்டியதும் எழுதுகோலைத் தாழ்த்திவிட்டான் என்பது அவன் காலத்தின் குறை. தொட்டியை உடைத்த கை அவனுடையது. அதனை நாம் பற்றிக்கொள்வோம்.